தப்பான மூச்சுக்கு ஓர் அறை

"கத்தாதேடி! கத்தக் கூடாதுன்னு தொண்டை டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"இப்ப கத்துறது நீ!"

"நான் கத்தலாம். என் தொண்டையில கட்டி இல்ல!"

"கட்டி என்னோடது, தொண்டை என்னோடது. பாட்டும் ஒரே ஒரு தடவை என்னோடதா இருந்துட்டுப் போகட்டுமேக்கா!"

இதற்கு மேல் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்த நோயாளிதான் மீதியையும் கேட்டுவிட்டு, கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்து எங்களிடம் சொன்னார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் சொன்னார். நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

அக்கா எங்கள் தெருப் பல் டாக்டர். தங்கையை உலகமே அறியும். மேடையில் அவளுக்கு என்ன பெயரோ, எங்கள் தெருவில் சைரன். கல்யாண மண்டபம், தேர்தல் கூட்டம், கார் கண்காட்சி, எங்கே ஆளுயர ஒலிபெருக்கி நின்றாலும் அதற்குள்ளிருந்து அவள்தான் கத்துவாள். ஒரு பாட்டுக்கு ஒரு லாரி மேளம். அத்தனையையும் தாண்டி அவள் போடும் அந்த "ஹேய்"க்குத்தான் காசு. இருபது வருஷம் அப்படிக் கத்தியதில் தொண்டையில் கட்டி. அறுத்தே ஆக வேண்டும் என்றார் தொண்டை டாக்டர். அறுத்தால் குரல் வருமா என்று கேட்டதற்கு, "வரும். யாரோட குரல் வரும்னுதான் இப்ப சொல்ல முடியாது" என்றாராம்.

அறுவைக்கு முன்னால் சைரனுக்கு ஓர் ஆசை. மேளமில்லாமல், ஒரு பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து மெல்லிய காதல் பாட்டுகள் ஒன்பதை மெதுவாகப் பாடி ஒரு ஆல்பம் போட வேண்டும். தன் குரல் எப்படி இருக்கும் என்று தனக்கே தெரியாது, அது போவதற்குள் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது அவள் கட்சி. ஒன்பது பாட்டுப் பாடினால் இருக்கிற குரலும் வரப்போகிற குரலும் சேர்ந்து போய்விடும் என்பது அக்காள் கட்சி. இசைக் கம்பெனிக்காரர்கள் உடனே சம்மதித்தார்கள். மேளக்காரர்களுக்குச் சாப்பாடு போட வேண்டாம் அல்லவா.

ஆனால் பழைய பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடிவிட முடியாது. அதற்கு மென்பாடல் மாண்புக் கழகம் முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத ஆல்பத்தை வானொலியில் போட மாட்டார்கள், கடையில் வைக்க மாட்டார்கள். மீறி வைத்த ஒரு கடைக்காரர் இப்போது வேறு தொழில் பார்க்கிறார். உட்கார்ந்தபடி செய்யும் தொழில்.

கழகத்துக்கு சைரன் தன் புருஷனையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் லிப்ட் மெக்கானிக். இசை விஷயத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் லிப்ட் மாடிக்கு வந்ததும் அடிக்கும் மணி ஒன்றுதான். 'ஒருத்தரைக் கூட்டி வரவும்' என்று கழகம் சொல்லியிருந்ததால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான்.

காலடிச் சத்தம் கேட்காமலிருக்க வாசலிலிருந்தே கம்பளம். சுவருக்குச் சுவர் 'குரலை உயர்த்தாதீர்' என்ற பலகை. வரவேற்பில் இருந்த பெண் கழுத்துப் பட்டை போட்டிருந்தாள். தலைவர் வெல்வெட் கோட்டில் இருந்தார். காதோடு பேசுகிற மாதிரி பேசுபவர். அவர் பக்கத்தில் மௌனப் பொறுப்பாளர், ஒல்லியாக, கையில் ஸ்டாப்வாட்சோடு. இன்னொரு பக்கம் மூச்சுப் பொறுப்பாளர். பீரோவுக்கு மீசை வைத்தது மாதிரி இருப்பார்.

"எங்க கழகம் வன்முறையை அறவே வெறுக்குது," என்று ஆரம்பித்தார் தலைவர். "அதனாலதான் நாங்க யாரையும் ரொம்ப நேரம் அடிக்கிறதில்ல."

சைரன் தலையாட்டினாள். புருஷனும் ஆட்டினான்.

"பாடுறவங்களை நாங்க தொட மாட்டோம். குரல் பொதுச்சொத்து. அதைச் சேதப்படுத்த எங்களுக்கு உரிமை கிடையாது. ஆனா, தப்புன்னு ஒண்ணு நடந்துட்டா அது எங்கயாவது போய் விழணுமா இல்லையா? காத்துல விட்டுட முடியுமா? அதனால ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு ஜாமீன்தாரர். நீங்கதானே தம்பி?"

"ஆமாங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

"கையெழுத்தெல்லாம் எதுக்கு? நமக்குள்ள நம்பிக்கைதான். பக்கத்துல உட்கார்ந்தா போதும்."

"அவ்வளவுதானா? லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு அரை நாள் சும்மா உட்கார்ந்த ஆளுங்க நான்."

பரீட்சைக்கு ஒரு வரி பாடச் சொன்னார்கள். மழை விட்ட பிறகு குடையோடு வந்து நிற்கும் காதலனைப் பற்றிய பாட்டு. சைரன் பாடினாள். பாதி வரியில் மூச்சு எடுத்தாள். மூச்சுப் பொறுப்பாளர் எழுந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். லிப்ட் மெக்கானிக்கிடம் போய்க் குனிந்து, "சார், கண்ணாடி ஏதும் போடுறதுண்டா?" என்று கேட்டார்.

"இல்லீங்களே."

"நன்றி," என்றவர் விட்டார் ஓர் அறை. நாற்காலியும் ஆளும் தனித்தனியாக விழுந்தார்கள். கம்பளத்தின் அருமை அப்போதுதான் தெரிந்தது, சத்தமே இல்லை.

"மூலக்குரல் அந்த இடத்துல மூச்சு விடல," என்று விளக்கினார் தலைவர். மூலக்குரல் என்றால் அந்த ஒன்பது பாட்டையும் முதன்முதலில் பாடி, செத்தும் போய்விட்ட அம்மாள்.

"அவங்க மூச்சு விடலைன்னா அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?" என்று தரையிலிருந்து கேட்டான் மெக்கானிக். அதற்கு இன்னொன்று விழுந்தது.

தெருமுனையில் இறங்கும்போதே சைரன் அழுதுகொண்டிருந்தாள். "விட்டுடலாங்க. பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஒரு அறைக்குப் போயி..."

"ரெண்டு."

"ரெண்டாவது என் வாய்க் கொழுப்புக்கு. அது பாட்டுக் கணக்குல வராது. பயப்படாம பாடு. மூச்சுதானே, அடக்கிட்டா போச்சு."

ஒலிப்பதிவு எங்கள் தெருவிலேயே, பல் ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டிடம் தள்ளி, நிலத்தடி அறையில். அதன் சொந்தக்காரனும் ஒலிப்பதிவாளனும் ஒருவனே. காது என்று கூப்பிடுவோம். ரோட்டில் ஊசி விழுந்தால் எந்தக் கடை ஊசி என்று சொல்வான். அந்த அறைக்குக் காற்றுப் போக நடைபாதை மட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பதிவு நடந்த நாட்களில் அந்த ஜன்னல் பக்கம் வந்ததும் எங்கள் தெருவில் பலருக்குச் செருப்பு வார் அறுந்தது. உட்கார்ந்து சரிசெய்ய வெகுநேரம் பிடித்தது.

முதல் பாட்டு சுமாராகப் போயிற்று. இரண்டு மூச்சு, ஒரு விலா எலும்பு. இரண்டாம் பாட்டில் சைரன் மூச்சையெல்லாம் அடக்கி, முகம் நீலம் பாரித்து, ஒரு குறையில்லாமல் முடித்தாள். முடித்தவுடன் மெக்கானிக்கின் வயிற்றில் ஒரு குத்து.

"இருமல் எங்கே?" என்றார் தலைவர் அன்பாக.

"என்ன இருமல்?"

பழைய இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார்கள். இரண்டாம் சரணத்துக்கு முன் மூலக்குரல் இருமுகிறது.

"அவங்களுக்கு அன்னைக்குச் சளி பிடிச்சிருந்திருக்கும்," என்றாள் சைரன்.

"சளி உங்களுக்கும் எனக்கும் பிடிக்கும்மா. அவங்களுக்கு வந்தது மனசு உருகி, நெஞ்சுல தேங்கி, வெளிய வந்த சோகம். இருமல் மாதிரி கேட்குது, அவ்வளவுதான். நாற்பது வருஷமா இந்த எடத்துல இருமாத ஒருத்தரையும் நாங்க உயிரோட..." தலைவர் நிறுத்தி, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நாங்க ஊக்குவிச்சதில்ல," என்று முடித்தார்.

சைரன் இருமினாள். மூலக்குரலின் இருமல் இரண்டு கட்டைச் சுருதியில் இருந்ததாம், அதனால் சுருதி சேர இன்னொரு தடவை இருமினாள். தொண்டைக் கட்டியோடு இருமுகிறவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஜன்னலோரம் நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே அடுத்த அசம்பாவிதம். பாட்டு முடிந்தாலும் பழைய தட்டில் ஊசி எடுக்கும்வரை இருந்த மௌனத்தையும் அப்படியே பிடிக்க வேண்டுமாம். மௌனப் பொறுப்பாளர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி விரலைத் தூக்கி நின்றார். அந்த நேரம் பார்த்து மெக்கானிக் தும்மிவிட்டான்.

கழகம் திகைத்துப் போயிற்று. பாடகி தப்புச் செய்தால் ஜாமீன்தாரரை அடிக்கலாம். ஜாமீன்தாரரே தப்புச் செய்தால்? "அதுக்கும் இவரையே அடிச்சிடலாமே," என்றார் மூச்சுப் பொறுப்பாளர். "ஒழுங்குமுறைன்னு ஒண்ணு இருக்குய்யா, நாம என்ன ரவுடியா?" என்று கடிந்தார் தலைவர். நெடுநேரம் கூடிப் பேசி, ஜாமீன்தாரருக்கு ஜாமீன் இடத்தின் சொந்தக்காரரே என்று தீர்மானித்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலையில் இருந்த காதின் முன்பல்லைப் பெயர்த்தார்கள். பெயர்த்த பிறகுதான் காரணத்தைச் சொன்னார்கள், அதுவும் மெல்லிய குரலில்.

காது நேராகப் பல் டாக்டரிடம் போனான். பல் டாக்டர் நேராக நிலத்தடி அறைக்கு வந்தாள், கையுறைகூடக் கழற்றவில்லை.

"யாருய்யா அது? என் தங்கச்சி புருஷன் மேல கை வெச்சது யாரு?"

"அம்மா, கொஞ்சம் மெதுவா," என்றார் தலைவர். "மென்பாடல் நடக்கிற இடம்." அவருக்குப் பின்னால் மூச்சுப் பொறுப்பாளர் மெக்கானிக்கின் கையை முதுகுப்பக்கம் மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாவா? உங்க கடைவாய்ப் பல்லு ரெண்டும் நான் போட்டது. அதையும் மெதுவாத்தான் போட்டேன். ஏ, மீசை! விடுய்யா அந்தக் கையை!"

மீசை கையை விட்டது. எங்கள் தெருவில் அந்த மனிதர் ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட்டு நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை நாங்கள் அன்றே ஞாபகத்தில் முடிந்து வைத்துக்கொண்டோம்.

"என்னடி இது? இவரு எலும்பை எண்ணி எண்ணி நீ பாடணுமா? வா வீட்டுக்கு!" என்றாள் அக்கா.

"இனிமே அடி விழாதுக்கா. அவங்க சொல்ற மாதிரியே பாடிடுறேன்."

சொன்னபடியே பாடினாள். மூன்றிலிருந்து ஆறுவரை ஒரு மூச்சு பிசகவில்லை, ஒரு இருமல் குறையவில்லை. தலைவர் கண்களை மூடிக்கொண்டு, "அந்த அம்மாவே எழுந்து வந்த மாதிரி இருக்கு" என்றார். மூச்சுப் பொறுப்பாளர் வேலையில்லாமல் நகம் கடித்தார். ஆறாம் பாட்டு முடிந்ததும் காது அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினான். மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இது யாரு பாடுறது?"

"நான்தாங்க."

"நீயா? உன்னை மாதிரி இல்லையே."

"அவங்களை மாதிரி பாடினேன். அப்பதானே உங்களை அடிக்க மாட்டாங்க?"

அவனுக்கு வந்தது பாருங்கள் கோபம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"அப்ப நான் விலா எலும்பை ஒடிச்சுக்கிட்டது செத்துப் போன அம்மா பாட்டைக் கேட்கவா? அது கடையில கிடைக்குதே! உனக்கு மூச்சு வந்தா விடு. வராட்டி விடாதே. அடி என் பாடு, பாட்டு உன் பாடு. எனக்குப் பரிதாபம் பார்க்கிற சாக்குல வேலையைக் கெடுக்காதே!"

"எனக்கு மட்டும் ஆசையா, நீங்க அடி வாங்குறதைப் பார்க்க?"

"பார்க்காதே. கண்ணை மூடிக்கிட்டுப் பாடு. நல்ல பாட்டுக்காரங்க எல்லாம் அப்படித்தான் பாடுறாங்க, டிவியில பார்த்திருக்கேன்."

ஏழாம் பாட்டை சைரன் கண்ணை மூடிக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் பாடினாள். ஜன்னலோரம் இருந்த எங்களுக்கு உடனே வித்தியாசம் தெரிந்தது. கொஞ்சம் கரகரப்பான, ஈரமான குரல்; பக்கத்தில் உட்கார்ந்து நம் வீட்டு விஷயத்தைக் கேட்கிற மாதிரி. இருபது வருஷமாக அந்த "ஹேய்"க்கு அடியில் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள். பாட்டின் ஊடே தொம், தொம் என்று சத்தமும் கேட்டது. கம்பெனிக்காரர்கள் ஆசைப்பட்டு மேளம் சேர்த்துவிட்டார்கள் என்று எங்களில் ஒருவர் நினைத்தார். அது மேளமில்லை.

எட்டாம் பாட்டுக்கு மெக்கானிக், சாமான் ஏற்றும்போது லிப்ட் சுவரில் மாட்டும் கனத்த மெத்தைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தான். கழகம் அதை அனுமதிக்கவில்லை. தலைவர் வருத்தத்தோடு சொன்னார்: "தம்பி, அடி உங்களுக்கு வலிக்கணும்ங்கிறது எங்க நோக்கமே இல்ல. வலி தானா வருது. அதுக்கு நடுவுல போர்வையை வெச்சா எங்களை நீங்க நம்பலைன்னு ஆகுது. மனசு கஷ்டமா இருக்கு." மனக் கஷ்டத்தில் அவரே நாலு அடி கூடுதலாகப் போட்டார். அந்தப் பாட்டு முடிந்தபோது மெக்கானிக்கின் வலது கை, கை வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது.

ஒன்பதாவது, அந்தக் குடைப் பாட்டு. சைரனால் வாயைத் திறக்க முடியவில்லை. புருஷன் சுவரோரம் சாய்ந்து, கையை மடியில் ஏதோ பொட்டலம் போல வைத்துக்கொண்டு, கண்ணாலேயே 'ம், ஆகட்டும்' என்றான். அவள் கண்ணை மூடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். மழை விட்டுப் போச்சு, தெரு காய்ந்து போச்சு, இப்போது எதற்கு வந்தாய், சரி வந்ததுதான் வந்தாய், அந்தக் குடையை விரி, கீழே நிற்கிறேன். நடு வரியில், மூலக்குரல் மூச்சே விடாத அதே இடத்தில், அவளுக்கு மூச்சு முட்டியது. எடுத்தாள்.

மூச்சுப் பொறுப்பாளர் எழுந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். நின்றார். மறுபடி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்யா உட்கார்ந்துட்டே?" என்றார் தலைவர்.

"இந்த மூச்சு சரியாத்தான் தலைவரே இருக்கு."

"மூலத்துல இல்லையே!"

"மூலம்தான் தப்போ என்னமோ."

நாற்பது வருஷமாகக் கழகத்தில் யாரும் சொல்லாத சொல். தலைவர் ஒரு கணம் புன்னகை செய்தார். பிறகு மூலையில் சும்மா கிடந்த இரும்பு மைக் கம்பத்தை எடுத்து மூச்சுப் பொறுப்பாளரின் வாயிலேயே அடித்தார். பற்கள் தரையில் சிதறிய சத்தத்தை ஜன்னலோரத்திலேயே கேட்டோம். மௌனப் பொறுப்பாளர் விலக்கப் போனார்; விலக்கப் போனவரின் காதைத் தலைவர் கடித்தார்; அவர் ஸ்டாப்வாட்சின் கயிற்றைத் தலைவர் கழுத்தில் மாட்டி இறுக்கினார். நாற்காலிகள் உடைந்தன. பியானோக்காரர் ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டு மறு கையால் வாசித்தார். காது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவை நிறுத்தவேயில்லை. நிறுத்தினால் யார் யாருக்கு ஜாமீனாகி எந்தப் பல் போகுமோ என்ற பயம்.

சைரனும் நிறுத்தவில்லை. ரத்தம் தெறித்து அவள் காலடியில் விழுந்தது. அவள் புருஷனைப் பார்த்தபடி பாடிக்கொண்டே இருந்தாள். கடைசி வரியில் குரல் உச்சிக்கு ஏறும்போது உள்ளே என்னவோ பிசிறி, பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. மீதிப் பாதியை அவள் உதடு மட்டும்தான் சொன்னது. அதே நேரம் மூச்சுப் பொறுப்பாளரின் உள்ளங்கை தலைவரின் தாடையில் இறங்கியது. அதற்குப் பிறகு உண்மையாகவே மௌனம். ஆனால் ஸ்டாப்வாட்ச் உடைந்துவிட்டது.

அடிபட்ட அனைவரையும் இரண்டு கட்டிடம் தள்ளிக் கொண்டுபோனோம். பல் டாக்டர் தலைவரின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினாள். கொஞ்சம் கூடுதலாகவே சுற்றினாளோ என்று கேட்டால், "மென்மையான தாடை, ஜாக்கிரதையாக் கட்டணும்" என்கிறாள்.

ஆல்பத்தை நிராகரிக்கக் கழகத்தின் அவசரக் கூட்டம் அங்கேயே, பல் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் கூடியது. ஆட்சேபணையை வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது கழக விதி. எழுத்துக்குத் தொனி கிடையாதாம். தலைவர் "ம்ம்ம்! ம்ம்ம்ம்!" என்று கையை ஆட்டினார். முகம் சிவந்து நாற்காலியின் கையை உடைத்தார். மௌனப் பொறுப்பாளர் கட்டுப் போட்ட காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தலைவர் வார்த்தையா எதுவும் சொல்லல. மௌனம் சம்மதம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க" என்று அறிவித்தார். மூச்சுப் பொறுப்பாளரால் பேச முடியவில்லை, அதனால் அவருக்கும் சம்மதம். அந்தக் கழகத்தின் சரித்திரத்திலேயே ஏகமனதாக முத்திரை குத்தப்பட்ட ஆல்பம் அது ஒன்றுதான்.

ஆல்பம் எப்படி ஓடியது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் பாட்டை வெட்டாமல் அப்படியே போட்டார்கள், வெட்டினால் சைரன் குரலும் சேர்ந்து போகும் என்று காது பிடிவாதமாக இருந்ததால். இப்போது அதுவே மூலம். அந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள் இரண்டாம் சரணத்துக்கு முன் குறைந்தது நாலு பல்லாவது தரையில் விழ வேண்டும், மூன்றாம் சரணத்தில் நாற்காலி உடைக்க வேண்டும் என்று கழகம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. போன மாதம் ஒரு பாடகர் பல்லுக்குப் பதில் பட்டாணியைக் கொட்டிப் பார்த்தாராம். அவருடைய ஜாமீன்தாரர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

பல் டாக்டர் மூச்சுப் பொறுப்பாளரையே கல்யாணம் செய்துகொண்டாள். பல் ஒவ்வொன்றாகக் கட்டி முடிப்பதற்குள் பேச்சும் முடிந்துவிட்டது. அந்த வாயை நான்தான் கட்டினேன், வேறு எவளுக்கு விட்டுக்கொடுப்பேன் என்றாளாம். அவர் இப்போது கழகத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் நாற்காலியை விட்டு ஓடாமல் பார்த்துக்கொள்கிறார். தலைவர், தலைவராகவே இருக்கிறார்.

சைரனுக்கு அறுவை நடந்தது. வந்த குரல் யாருடையதும் இல்லை, வெறும் காற்று. மெக்கானிக்கின் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அந்தக் கையோடு லிப்ட் கூரைமேல் ஏற முடியாது. அக்கா கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். சாவிக் கடை வைத்திருக்கிறார்களாம். போய்ப் பார்த்து வந்த காது சொல்கிறான்: அவள் பாடுவதுண்டாம், பேசுவதைவிட அதுதான் அதிகமாம். ஆனால் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் கேட்குமாம், காதுக்கே கேட்கவில்லையாம். புருஷன் மட்டும் தலையாட்டிக்கொண்டிருக்கிறானாம்.

பாவம், அந்த ஊரில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள்; ஜன்னலோரம் எத்தனை செருப்பு வார் அறுந்தாலும் ஒன்றும் கேட்காது.